இறகு கட்டிய தூண்டில்

காஜா மொய்தீனுக்கு உலகத்தில் பிடித்த பொருள் என்று ஒன்றும் கிடையாது. பழைய சாமான் கடைக்காரருக்கு அது குறையல்ல, மூலதனம். பினாங்கு சூலியா தெருவில் இருந்த அவருடைய கடைக்கு யாராவது ஓர் அலமாரியை விற்கக் கொண்டுவந்தால், அதைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார். தூரத்திலிருந்தே உதட்டைப் பிதுக்குவார். அந்தப் பிதுக்கலிலேயே பாதி விலை இறங்கிவிடும். "இதையா வீட்டுக்குள்ள வச்சிருந்தீங்க?" என்று அவர் கேட்கும்போது மீதியும் இறங்கிவிடும். அதே அலமாரியை வாங்க வருகிறவரையும் அதே உதட்டால்தான் வரவேற்பார். இதை வாங்கிக்கொண்டுபோய் வைக்க உனக்கு ஒரு வீடு இருக்கிறதா என்பதுபோல் இருக்கும் அந்தப் பார்வை.

வெள்ளைக்காரனைக் கண்டால் அவருக்கு இளக்காரம். வரும்போது கப்பல் நிறையப் பெட்டியோடு வருகிறான், போகும்போது முகம் கழுவும் பீங்கான்வரை ஏலம் போட்டுவிட்டுப் போகிறான். அந்தப் பீங்கானை வாங்கித் தன் வீட்டுக் கூடத்தில் வைத்து அழகு பார்க்கும் சீனத்து முதலாளியை, அந்தத் தௌக்கேயைக் கண்டால் இன்னும் இளக்காரம். சர்க்கார் ஆபீசில் பேனா பிடிக்கிற யாழ்ப்பாணத்துக் கிராணிமாரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு மூட்டைப்பூச்சி தேடிவிட்டு, அடுத்த கிழமை வருகிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு போகிற ஜாதி அது என்பார். மைத்துனன் இஸ்மாயிலையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவன் கடையில் கூடமாட வேலை செய்துவிட்டு, சாயங்காலமானால் துறைமுகத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவன். "நீ கோக்குற இறாலு நீ பிடிக்கிற மீனைவிடப் பெரிசு" என்று அவனிடம் வாரம் தவறாமல் சொல்லிவந்தார்.

இந்தக் குணத்தோடு அவர் நாகூரிலிருந்து கப்பலேறி வரவில்லை. பினாங்கில் இறங்கியபோது மீசை முளைக்காத பையன். ஷேக் அலாவுதீன் ராவுத்தர் கடையில் சாமான் தூக்கச் சேர்ந்தார். சொன்னதைச் செய்கிறவன், எதிர்த்துப் பேசாதவன் என்று பார்த்து ராவுத்தர் தம் மகள் ருக்கையாவையே கட்டிக்கொடுத்தார். கட்டிக்கொடுத்தாரே தவிர, மருமகன் என்று ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வாடிக்கையாளரிடம், "நம்ம ஆளு தூக்கிட்டு வருவான்" என்றுதான் சொல்வார். மாமனார் கடைக்குள் நுழைந்தால் காஜா மொய்தீன் எழுந்து நிற்கவேண்டும். தாடியில் நரை விழுந்த பிறகும் எழுந்து நின்றார். ராவுத்தர் மவுத்தான பிறகு, மகன் இஸ்மாயிலுக்கு வியாபாரத்தில் நாட்டமில்லாததால், கடை காஜா மொய்தீனுக்கு வந்தது. கடையோடு சேர்ந்து அந்தப் பார்வையும் வந்தது.

இருபதுகளின் நடுவில் ஒரு நாள், நார்தம் ரோட்டில் ஊருக்குத் திரும்புகிற ஒரு துரையின் பங்களாவில் லேலோங் நடந்தது. பினாங்கில் ஏலத்தை அப்படித்தான் சொல்வார்கள். காஜா மொய்தீன் நாற்காலிகளையும் ஒரு கட்டிலையும் எடுத்தார். யாரும் கேட்காமல் கிடந்த ஒரு பச்சைத் துணிப் பையையும் ஏலக்காரன் அந்தக் கும்பலோடு சேர்த்துத் தள்ளிவிட்டான். கடைக்கு வந்து அவிழ்த்துப் பார்த்தால், ஒன்றுக்குள் ஒன்று செருகுகிற மாதிரி மூன்று துண்டாக ஒரு மெல்லிய மூங்கில் கழி, பட்டுக்கயிறு சுற்றிய பித்தளைச் சக்கரம், ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் வண்ண வண்ண இறகுகள் கட்டிய குட்டிக் குட்டித் தூண்டில் முள்ளுகள்.

இஸ்மாயில்தான் விவரம் சொன்னான். இதுவும் மீன்பிடிக்கிற சாமான்தானாம். புழுவும் கிடையாது, இறாலும் கிடையாது. இறகைப் பூச்சி என்று நம்பி மீன் வந்து வாயை வைக்குமாம். காஜா மொய்தீன் ஒரு முள்ளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மீனுக்குக்கூடத் தின்னக் கொடுக்க மனசு வராதவன் என்று அந்தத் துரையைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்து, பையைச் சுவரோரம் சாத்திவைத்தார். மாசக்கணக்கில் அது அங்கேயே கிடந்தது. ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

பார்த்தவர் கனகசுந்தரம். சர்க்கார் கந்தோர் ஒன்றில் யாழ்ப்பாணத்துக் கிராணி. வெள்ளைக் கோட்டும் வேட்டியும் நெற்றியில் திருநீறுமாக, ஒரு மேசை பார்க்க வந்தவர் மேசையை மறந்துவிட்டார். கேட்காமலேயே பையை அவிழ்த்து, கழியை ஒன்றோடொன்று பொருத்தி, கண்ணுக்கு நேராகப் பிடித்து வளைவு பார்த்தார். அவர் கை அதைத் தொட்ட விதத்தில் ஒரு பயபக்தி இருந்தது. அதைப் பார்க்கக் காஜா மொய்தீனுக்குச் சிரிப்பாக வந்தது. மரக்கறி தவிர வேறெதுவும் தொடாத சைவக்காரர் தூண்டிலைக் கும்பிடுகிறாரே என்று கேட்டுவைத்தார். வாங்குகிறீர்களா, இல்லை தடவிப் பார்த்துவிட்டு அடுத்த கிழமை வருகிறீர்களா என்றும் கேட்டார்.

கனகசுந்தரம் கழியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். வாங்க அவரால் முடியாது, அது அவர் முகத்திலேயே தெரிந்தது. போகும்போது வாசலில் நின்று சொன்னார்:

"இது எறியிறதுக்கு ஒரு கை வேணும் காணும். கதிரை தூக்கிற கைக்குச் சரிவராது. ஆராவது துரைக்கு வித்துப்போடும்."

கதிரை என்றால் அவர் ஊரில் நாற்காலி. கடையில் நாலு பேர் இருந்தார்கள். இஸ்மாயிலும் இருந்தான். காஜா மொய்தீன் உதட்டைப் பிதுக்கப் பார்த்தார், அன்றைக்கு உதடு ஒத்துழைக்கவில்லை. பிறகு எழுந்துபோய் அந்தப் பையை எடுத்து, விற்கிற சாமான் பக்கத்திலிருந்து தாம் உட்காரும் இடத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பாடாங்கில், கடலோரத் திடலில், ஆள் நடமாட்டம் தொடங்குமுன் காஜா மொய்தீன் கழியோடு நின்றார். தண்ணீரில் போடுமுன் புல்தரையில் எறிந்து பழகலாம் என்று நினைத்தார். கல்லெறிகிற மாதிரி வீசினார். கயிறு முன்னால் போகவில்லை, அவர் தலையைச் சுற்றி மாலை போட்டது. இன்னும் பலமாக வீசினார். சாட்டை அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, நுனியிலிருந்த முள்ளைக் காணோம். வேறொன்று கட்டினார். அது அவருடைய தொப்பியைக் கொத்திக்கொண்டு போய்ப் புல்லில் போட்டது. மூன்றாவது, பின்கழுத்தில் ஏறியது.

அந்நேரம் பார்த்து வேலைக்குப் போகிற துறைமுகக் கூலியாட்கள் கடற்சுவரோரம் வந்துகொண்டிருந்தார்கள். பினாங்கில் எத்தனையோ வேடிக்கை பார்த்தவர்கள். ஆனாலும் தன்னைத் தானே தூண்டில் போட்டுப் பிடித்த மனுஷனை அவர்கள் அதுவரை பார்த்திருக்கவில்லை. காஜா மொய்தீன் கழுத்தைக் கையால் மூடிக்கொண்டு, சூலியா தெருவரைக்கும் நிமிர்ந்து நடந்தார். இஸ்மாயில் குறடால் முள்ளின் கொக்கியை நறுக்கி எடுத்தான். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது காஜா மொய்தீனுக்கு.

ருக்கையா வாசல்படியில் நின்று பார்த்தாள். இளக்காரத்தில் அவள் தகப்பனாருக்குத் தப்பாத மகள். "இறகு குத்தினவங்க கொஞ்சம் பறந்துதான் காட்டுறது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அத்தோடு விட்டிருந்தால் அவர் புத்திசாலி. விடவில்லை. ஞாயிறுதோறும் பாடாங்குக்குப் போனார். மூன்றாவது வாரமோ நான்காவதோ, கடலைப் பார்த்த சிமெண்டு பெஞ்சில் கனகசுந்தரம் பத்திரிகை விரித்து உட்கார்ந்திருந்தார். கோவிலுக்குப் போகிற வழியில் சற்று இளைப்பாறுவதாக அவர் பாவனை. பாடாங் எந்தக் கோவிலுக்கும் வழியில் இல்லை. காஜா மொய்தீன் வீசும்போதெல்லாம் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. ஒரு வாரம் பெருமூச்சு, மறுவாரமும் பெருமூச்சு. கடைசியில் பத்திரிகை பேசியது.

"பின்னால போகவிடும். கயிறு முழுக்கப் பின்னால போய் நீளுமட்டும் பொறும். பிறகு எறியும்."

பொறு என்று ஒரு கிராணி சொல்லி அவர் பொறுப்பதா? அதற்கு எதிர்மாறாகவே காஜா மொய்தீன் செய்தார். கயிறு பின்னால் போகுமுன்பே முன்னால் இழுத்தார். சாட்டைச் சத்தம் கேட்டது, முள் பறந்தது, அவர் மறுபடி முள் கட்டினார். மீன் ஒன்றைக்கூடக் கண்ணால் காணாமலே தகரப் பெட்டி பாதி காலியாயிற்று. கனகசுந்தரமும் வாரந்தவறாமல் வந்து அதே வார்த்தைகளை, பள்ளிக்கூடத்து வாத்தியார் மந்தப்பிள்ளைக்குச் சொல்கிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மழை தூறியது. பெஞ்சில் ஆள் இல்லை. காஜா மொய்தீன் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் பார்க்காதபோது ஒரு தடவை செய்து பார்த்தால் அது அந்த ஆளுடைய பேச்சைக் கேட்டதாகாது என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். கழியை உயர்த்தினார். கயிறு பின்னால் போயிற்று. பொறுத்தார். பின்னாலிருந்து யாரோ மெதுவாகக் கையைப் பிடித்து இழுக்கிற மாதிரி ஓர் இழுப்பு வந்தது. அப்போது முன்னால் எறிந்தார். கயிறு அவர் தலைக்குமேல் சுருள் பிரிந்து, நீண்டு, நேர்க்கோடாகப் போய்ப் புல்மேல் சத்தமில்லாமல் படுத்தது.

அவர் நின்றபடியே அந்தக் கோட்டைப் பார்த்தார். இத்தனை வருஷம் எத்தனையோ சாமான் அந்தக் கையால் தூக்கியிருக்கிறார், வைத்திருக்கிறார். எதுவும் அப்படிப் போய் இறங்கியதில்லை. திரும்பிப் பார்த்தால், மரத்தடியில் குடையோடு கனகசுந்தரம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாராட்டுக் கிடைக்குமென்று காஜா மொய்தீன் எதிர்பார்க்கவில்லை, கிடைக்கவும் இல்லை. கூலிம் பக்கத்து மலையடிவாரத்தில் ஓர் ஆறு இருக்கிறது, அங்கே செபாராவ் மீன் உண்டு, அது இறகுக்கு வரும் என்று மட்டும் கிராணி சொன்னார். கழி உங்களுடையது, இடம் தெரிந்தவன் நான், ஆளுக்கு ஒரு முறை மாற்றி மாற்றி எறியலாம் என்பது பேச்சு. இந்த ஆளோடு ஒரு நாள் முழுக்க இருப்பதா என்று காஜா மொய்தீனுக்குக் கசந்தது. ஆனால் ஆறு அவருக்குத் தெரியாது.

அப்படித்தான் ஒருவரையொருவர் சகிக்காத இரண்டு பேர் சேர்ந்து மீன்பிடிக்கத் தொடங்கினார்கள். விடிந்ததும் பெர்ரியில் கடல் தாண்டிப் பிறை என்ற ஊருக்கு, அங்கிருந்து ரயிலில் புக்கிட் மெர்தாஜாம், பிறகு கூலிம் போகிற பஸ். கனகசுந்தரம் தொப்பியும் குடையும் எடுத்துக்கொண்டு, தவமணி இலையில் கட்டிக்கொடுத்த பிட்டும் சம்பலுமாக ஜன்னலோரம் உட்காருவார். தவமணி அவர் மனைவி. ஆற்றில் குளித்து வெயில்படுவது மலச்சிக்கலுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதாக அவளிடம் சொல்லியிருந்தார். காஜா மொய்தீன் பொரித்த மீனும் சோறும் கட்டிக்கொண்டு எதிர்ப்புறம் உட்காருவார். மீன் வாசம் வருகிறது என்று கிராணி மூக்கைப் பிடிப்பார். மீன் பிடிக்கப் போகிற இடத்தில் மல்லிகைப்பூ வாசமா வரும் என்பார் கடைக்காரர்.

முதல் நாள் ஆறு அவர்களைத் துளியும் மதிக்கவில்லை. பாடாங்கில் பின்னால் மரம் கிடையாது, இங்கே காடே பின்னால் நின்றது. கயிறு பின்னால் நீளுமட்டும் பொறுத்தால் கிளை பிடித்துக்கொண்டது, பொறுக்காவிட்டால் காலடியில் குவிந்தது. மரத்துக்கு இறகு முளைத்த மாதிரி முள்ளுகள் தொங்கின. கனகசுந்தரத்தின் முறை வந்தபோது காஜா மொய்தீன் ஒரு பாறைமேல் வசதியாக உட்கார்ந்துகொண்டார். கிராணி கழியை உயர்த்தினார். வீசினார். பட்டுக்கயிறு நூல்கண்டு சிக்கிய மாதிரி அவர் முன்னாலேயே சொத்தென்று விழுந்தது. மறுபடியும் அப்படியே.

காஜா மொய்தீனுக்கு அன்றைக்குச் சோறே வேண்டியிருக்கவில்லை, மனசு நிறைந்துவிட்டது. இத்தனை நாளாக வாத்தியார் வேலை பார்த்தவர் வாழ்க்கையில் ஒரு தடவைகூடக் கழி பிடித்ததில்லை என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. துருவினார். கனகசுந்தரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மலைநாட்டுப் பக்கம் துரைமாரோடு சுற்றுப்பயணம் போவாராம். துரை ஆற்றில் இறங்கி எறிவார். இவர் கரையில் கைவலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மீன் கிட்ட வந்ததும் வலையில் ஏந்திக் கொடுக்கவேண்டும். வருஷக்கணக்காக ஏந்திக் கொடுத்தார். கழியைத் தொட்டுப் பார் என்று எந்தத் துரையும் சொன்னதில்லை.

அன்றைக்கே, காஜா மொய்தீனின் கயிற்றில் ஒரு மீன் விழுந்தது. தண்ணீர் ஓரிடத்தில் கொப்பளித்தது, கழி வில்லாக வளைந்தது, பித்தளைச் சக்கரம் கிறீச்சிட்டுச் சுழன்றது. ஓடவிடும், இழுக்கவேண்டாம் என்று கனகசுந்தரம் கத்தினார். கிராணி வேண்டாம் என்றதாலேயே அவர் இழுத்தார். கயிறு தொய்ந்தது. மீன் போய்விட்டது, முள்ளும் போய்விட்டது. கனகசுந்தரம் பிட்டுப் பொட்டலத்தை அவிழ்த்தார். பெர்ரியில் திரும்பும்போதுதான், கட்டிலை இழுக்கிற மாதிரி இழுத்தால் அது கட்டில் இல்லை என்று மீனுக்குத் தெரிந்துவிடும் என்றார். 

பிறகும் போனார்கள். சின்னச் சின்ன மீன்கள் காஜா மொய்தீனிடம் அகப்பட்டன. கனகசுந்தரத்திடம் ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் வீச்சு கொஞ்சம் கொஞ்சமாக நேராயிற்று. அந்த நிலையில்தான் ஒரு விடுமுறை நாளில் அது நடந்தது.

கனகசுந்தரத்தின் முறை. எதிர்க்கரையில் ஒரு பாறையின் நிழலில் பெரிய மீன் ஒன்று இரண்டு தடவை மேலே வந்து போனதை இருவரும் பார்த்திருந்தார்கள். கிராணி முழங்கால் தண்ணீரில் நின்று கயிறு நீட்டிக்கொண்டிருந்தார். அப்போது மேட்டுப் பாதையில் ஓர் இளம் எஸ்டேட் துரை தன் கழியோடு இறங்கி வந்தான். அவன் இவர்களை ஒன்றும் சொல்லவில்லை, போ என்று விரட்டவும் இல்லை. கைவலையைக் கரையில் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினான், அவ்வளவுதான்.

கனகசுந்தரம் தொப்பியைக் கழற்றினார். எறிந்த கயிற்றை அவசரமாகச் சுற்றி எடுத்து, கழியைக் காஜா மொய்தீனிடம் நீட்டினார். கரையேறிப்போய், அந்தப் பயல் போட்ட கைவலையை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவனுக்கு ஓர் எட்டுப் பின்னால் நின்றார். யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை.

துரை நன்றாக எறிந்தான். அதைக் காஜா மொய்தீனால்கூட மறுக்க முடியவில்லை. பாறை நிழலில் கிடந்த அந்த மீனையே பிடித்தான். கனகசுந்தரம் குனிந்து அதை வலையில் ஏந்திக் கொடுத்தார். அந்தக் காரியம் மட்டும் பிசகே இல்லாமல் நடந்தது. துரை திரும்பிப் பார்க்காமல் ஒரு நன்றி சொன்னான். போகும்போது காஜா மொய்தீனின் கழியைக் கண்டு நின்று, என்ன இறகு கட்டுகிறாய் என்று மலாயில் கேட்டான். காஜா மொய்தீன் முள்ளைக் கைக்குள் பொத்திக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தார். இரண்டாம் தடவையும் கேட்டான். அவர் ஆகாயத்தையே பார்த்தார். செவிடு என்று நினைத்துப் போய்விட்டான்.

பஸ்ஸில் வரும்போது காஜா மொய்தீன் பேசினார். அவருக்குக் கிராணிமேல் இருந்த பழைய இளக்காரமெல்லாம் விளையாட்டு என்று அப்போது தெரிந்தது. இது வேறு. 

"அது உங்க முறை. கழி உங்க கையில இருந்துச்சு. அதப் போட்டுட்டு வலையத் தூக்கப் போனீங்க."

கனகசுந்தரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பினாங்குக் கரையில் இறங்கிப் பிரியும்வரை திரும்பவே இல்லை.

அதன் பிறகு பெஞ்சு காலியாகவே கிடந்தது. காஜா மொய்தீன் தனியாக ஆற்றுக்குப் போனார். மூக்கைப் பிடிக்க ஆளில்லாமல் மீனும் சோறும் தின்றார். ஒரு தடவை நல்ல வீச்சு ஒன்று எறிந்துவிட்டு, பழக்கதோஷத்தில் பாறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பார்த்ததற்காகத் தம்மையே திட்டிக்கொண்டார். கால்பிடிக்கிற ஒரு கிராணி பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன. ஆனால் இரவில் படுத்திருக்கும்போது வேறொன்று நினைவுக்கு வந்து தொலைத்தது. ராவுத்தர் மவுத்தாகிச் சில வாரம் கழித்து, கடை வாசலில் அதே மாதிரிச் செருப்புச் சத்தம் கேட்டு, காஜா மொய்தீன் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்து நின்றார். வந்தது யாரோ வழிப்போக்கன். கடையில் வேறு ஆள் இல்லாததால் அது யாருக்கும் தெரியாது. ருக்கையாவிடம்கூட அவர் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை, புரண்டு படுத்தார்.

தகரப் பெட்டி ஏறக்குறையக் காலியாகிவிட்ட சமயத்தில், கனகசுந்தரம் ஒரு சாயங்காலம் கடைக்கு வந்தார். மன்னிப்பும் கேட்கவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. கைக்குட்டையை மேசைமேல் அவிழ்த்தார். உள்ளே அவரே கட்டிய இறகு முள்ளுகள். முள்ளைச் சீனன் கடையில் வாங்கி, தவமணியின் மயிலிறகு விசிறியைப் பிய்த்து, அவளுடைய தையல் நூலால் கட்டியிருந்தார். வீட்டில் அதற்காகப் பெரிய ரகளை நடந்திருக்கிறது என்று அவர் சொன்ன தோரணையில் தெரிந்தது.

காஜா மொய்தீன் ஒன்றை எடுத்துப் பார்த்தார். உதடு தானாகப் பிதுங்கியது.

"இது என்னா, நசுங்கின கரப்பானா?"

"நீர் எறியவேண்டாம். நான் எறியிறன்."

அடுத்த ஞாயிறு போனார்கள், இந்தத் தடவை கிராணி ஒரு கைவலையும் கொண்டுவந்திருந்தார். அன்றைக்கு எந்தத் துரையும் வரவில்லை. வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாரால் சொல்லமுடியும். வெயில் ஏறிய பிறகு, கனகசுந்தரம் நசுங்கின கரப்பானை எதிர்க்கரை நிழலில் போட்டார். தண்ணீர் வெடித்தது. சக்கரம் சுழன்றது. கிராணி இழுக்கவில்லை. மீன் ஓடியது, விட்டார். நின்றது, சுற்றினார். அவர் தொப்பி ஆற்றோடு போயிற்று, அதையும் விட்டார். காஜா மொய்தீன் பாறைமேல் எழுந்து நின்றுகொண்டிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. மீன் களைத்து, விலாவிலிருந்த கறுப்புப் பட்டை தெரிய, கரைக்கு வந்தது. கனகசுந்தரம் திரும்பாமலே சொன்னார்:

"வலை."

காஜா மொய்தீன் ஒரு நொடி நின்றார். பிறகு கைலியை மடித்துக்கட்டி இறங்கி, வலையில் மீனை ஏந்தினார். முன்பின் செய்தறியாத வேலை, பாதி மீன் வெளியே தொங்கியது. மார்போடு அணைத்துக்கொண்டு கரையில் விழுந்தார்.

அதற்குமேல் தகராறு. ஆற்றில் விட்டுவிடும் என்றார் கனகசுந்தரம்.  பிடிக்கிறவரைக்கும் அது மீன், பிடித்த பிறகு உயிராகிவிட்டது அவருக்கு. இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு பாடுபட்டு, தண்ணீரில் திருப்பி விடுவதற்கு நான் என்ன பைத்தியமா என்றார் காஜா மொய்தீன். பிடித்தது நீங்கள், கொல்லுவது நான், கணக்கு என் பேரில் எழுதப்படும், போய் அந்த மரத்தைப் பாருங்கள் என்றார். கிராணி மரத்தைப் பார்த்தார். காரியம் முடியும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

மீனை ருக்கையா புளிபோட்டு ஆக்கினாள். ஒரு வாய் தின்றுவிட்டு, முள்ளை நாக்கால் தள்ளித் தள்ளி எடுத்துத் தட்டோரம் வைத்தாள். "பூரா முள்ளு. சேத்து நாத்தம் வேற. பசார்ல விக்கிற கெம்போங் மீனு இதுக்கு எவ்வளவோ மேல்லா" என்றாள். இஸ்மாயில் தின்றான், ஆனால் அவன் எதையும் தின்பவன். காஜா மொய்தீன் தம் பங்கை முழுக்கத் தின்றார். ருக்கையா சொன்னது அவ்வளவும் உண்மை.

ஞாயிறு காலை பெஞ்சில் பத்திரிகை விரிந்திருந்தது. காஜா மொய்தீன் இரண்டு மூன்று தடவை வீசினார். பத்திரிகை தாழ்ந்தது. மீன் வாசத்துக்கு மூக்கைப் பிடிக்கிற கனகசுந்தரம், எங்கோ கடலைப் பார்த்துக்கொண்டு, அது எப்படி இருந்தது என்று கேட்டார்.

"நல்லா இருந்துச்சு" என்றார் காஜா மொய்தீன்.

கிராணி தலையாட்டினார். அந்த வார்த்தையைச் சொன்ன வாய் காஜா மொய்தீனுக்கே அந்நியமாக இருந்தது. உடனே, இறகு கட்டியது மகா மோசம், நூல் பிரிந்து தொங்குகிறது, அடுத்த தடவை கண்ணைத் திறந்துகொண்டு கட்டுங்கள் என்று சேர்த்துச் சொன்னபிறகுதான் மூச்சு சீரானது.

முப்பதுகளின் நடுவில் கனகசுந்தரம் பென்ஷன் வாங்கி ஊருக்குப் போகும்வரை அவர்கள் போய்வந்தார்கள். அத்தனை வருஷத்திலும் ஒருவரைப் பற்றி மற்றவர் நல்லதாக ஒரு சொல் சொன்னதாக யாரும் கேட்டதில்லை. கிராணியைப்போல் கோணலாக எறிகிற மனிதனை மலாயாவிலேயே பார்க்கமுடியாது என்று காஜா மொய்தீன் கடையில் எல்லோரிடமும் சொல்லிவந்தார். கொழும்புக் கப்பல் புறப்பட்ட அன்று வழியனுப்ப அவர் துறைமுகத்துக்குப் போகவில்லை. கூலிம் பஸ்ஸில் ஏறி ஆற்றுக்குப் போனார். வெறுங்கையோடு திரும்பி வந்து, ஆறே சரியில்லை என்று ருக்கையாவிடம் சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார்.